எங்ஙனம் அறிந்தோம்?



நாம் நாள்தோறும் ஏற்கும் ஐந்து சீலங்களுள் நான்காவது பொய் கூறாமை. இச்சீலத்தை வழுவாது காத்து வருகிறோம் என்று நம்மில் பெரும்பாலோர் மனநிறைவு கொள்கிறோம். ஆயின் ஒரு கேள்வி எழுகின்றது. பிறர் கூறிய பொய்யை, பொய்யென்று அறியாமலே நாம் பத்துப் பேரிடம் கூறினால் நமது சீலம் என்னாயிற்று? ஏமாற்றும் எண்ணம் நம்மிடம் இல்லை. ஆதலின் சீலம் முறிந்ததென நூலோர் கூறார். எனினும் அப்பத்துப் பேரும் ஏமாந்தனர். அவர்களுள் ஒருவன் அச்சொல்லை நம்பிக் கல்லெடுத்து, அக்கல்லால் மற்றொருவன் வீழ்ந்தால், அதில் நமக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

இவ்வினாவே இப்பாடத்தின் பொருள். பொய் சொல்லாதிருப்பது ஒரு கடமை. உண்மையைக் காப்பது அதற்கு மேற்பட்ட மற்றொரு கடமை. முன்னதைப் பற்றி நாம் பலகால் பேசியுள்ளோம். பின்னதைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

இப்பாடத்தை அந்தமானில் மின்னி பே பகுதியில் வாழும் நம்மவரை மனத்திற்கொண்டு எழுதுகிறோம். போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரின் ஒரு பகுதி அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர்; ஹிந்தி பேசுவோர் 19; தமிழர் 15; தெலுங்கர் 13; நிக்கோபாரிய மொழியினரும் மலையாளிகளும் ஏழேழு பேர். எம்மொழியாரும் பாதிக்கு மேல் இல்லை. இத்தகைய ஊரில் ஒரு செய்தி ஒரு மொழியிற் பிறந்து, மற்றொரு மொழியில் வளர்ந்து, மூன்றாவது மொழியில் வேறுருக் கொண்டு நம் வீட்டு வாயிலுக்கு வருகின்றது. வருகின்ற செய்தியை எவ்வாறு ஏற்பது என்னும் கல்வி அங்கு வாழ்வோர்க்கு இன்றியமையாதது. அந்நகரம் இக்கல்வியின்மைக்குப் பெரும் விலை கொடுத்த நகரமுமாகும். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் ததாகதரின் வழியைக் காண்போம்.

1. கேசபுத்த நகரத்தாரின் ஐயம்

கோசல நாட்டிலே கேசபுத்தம் என்றோர் ஊர். அங்கு வாழ்ந்தவர் காலாமர் எனப்பட்டனர். பகவான் அவ்வூருக்கு எழுந்தருளியபோது அவர்கள் தங்கள் குறையை விண்ணப்பித்தனர். பல சமயத்து ஆசிரியர்கள் தங்கள் ஊருக்கு வருவதாகவும், ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையை இழித்துரைப்பதாகவும், இவர்களுள் மெய்யர் யார், பொய்யர் யார் என்று அறியாது தாங்கள் மயங்குவதாகவும் கூறினர். இந்த ஐயம் இக்காலத்து மேடைகளையும் செய்தித்தாள்களையும் கைபேசிகளையும் கண்டு மயங்கும் நம்முடைய ஐயமே அல்லவா?

பகவான் அவர்கள் ஐயுற்றதைக் கடிந்துகொள்ளவில்லை. ஐயுறத் தக்க இடத்தில் ஐயுற்றீர் என்றே ஏற்றுக்கொண்டார். பின்னர், ஒரு செய்தியை உண்மையெனக் கொள்வதற்குப் போதாத பத்துக் காரணங்களை எடுத்துரைத்தார். இவை அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் நிபாதத்தில் உள்ளன. அவற்றின் கருத்தை நம் சொற்களில் தருகிறோம். செவிவழி வந்தது என்பது. தலைமுறை தலைமுறையாக வருவது என்பது. ஊரார் பேச்சு என்பது. நூலில் எழுதியுள்ளது என்பது. தருக்கத்திற்கு ஒத்தது என்பது. அனுமானத்திற்கு ஒத்தது என்பது. தோற்றத்தைக் கொண்டு எண்ணிப் பார்த்தது என்பது. நாம் முன்பே கொண்ட கருத்தோடு இசைவது என்பது. சொல்பவர் தகுதியுடையவராகத் தோன்றுகிறார் என்பது. இவர் நம் குரு என்பது. இப்பத்தில் எந்த ஒன்றையும் மட்டுமே பற்றிக்கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

இவற்றுள் எட்டாவதும் பத்தாவதும் ஆழ்ந்து நோக்கத் தக்கன. பிறர் கூறும் பொய்யைப் பெரும்பாலும் நாம் நம்புவது, அது ஏற்கெனவே நம்முள்ளத்திலிருக்கும் கருத்தோடு இசைவதனாலேதான். இனி, இவர் நம் குரு என்பதும் போதாது என்றபோது ததாகதர் தம்மையும் அச்சோதனைக்கு உட்படுத்தினார்.

இவ்வுபதேசத்தைச் சிலர் தவறாகப் பொருள் கொள்வர். எதையும் நம்பவேண்டாம், தனக்குத் தோன்றியதே உண்மை என்று பகவான் கூறியதாக உரைப்பர். அது பிழை. தனக்குத் தோன்றியதும் மேற்கூறிய பத்தினுள் அடங்கியதே. அவர் காட்டிய உரைகல் வேறு. இக்கருத்தை ஏற்று நடந்தால் ஆசை, பகை, மயக்கம் என்னும் மூன்றும் வளர்கின்றனவா, தேய்கின்றனவா? அதனால் உயிர்களுக்குத் தீங்கு விளைகிறதா, நலம் விளைகிறதா? அறிவுடையோர் அதனைப் பழிக்கின்றனரா, புகழ்கின்றனரா? இவற்றை நாமே நேரில் கண்டு தெளியவேண்டும் என்பதே அவ்வுபதேசம்.

2. ஒற்றர் என்னும் சொல்

இவ்வுரைகல்லை இழந்த ஊர் எவ்வாறாகும் என்பதற்கு அந்தமானின் வரலாறே சான்று.

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கிற்று. 1945 வரை தீவுகள் அதன் ஆட்சியில் இருந்தன. ஆங்கிலேயர் போயினர் என்று மகிழ்ந்தவர் உண்டு. ஆங்கிலேயரே மீள்வர் என்று காத்திருந்தவரும் உண்டு. ஊர் இரு மனமாயிற்று. அந்நிலையில் ‘ஒற்றன்’ என்னும் ஒரு சொல் ஊருக்குள் நுழைந்தது.

முதலாண்டிலேயே பேர்ட் என்னும் ஆங்கில அதிகாரி ஒற்றரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு மக்கள் முன்னிலையில் கொல்லப்பட்டார். வானொலிக் கருவியின் உறுப்புகளை அவர் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அச்சான்று அவர்மீது பகைகொண்டோர் புனைந்தது என்று தீவின் வரலாற்றை எழுதினோர் கூறுவர். பின்னர்க் கடலில் ஜப்பானியக் கப்பல்கள் நேச நாட்டாரின் தாக்குதலுக்கு இலக்காகிய போதெல்லாம், இங்கிருந்து யாரோ செய்தி அனுப்புகின்றனர் என்ற ஐயம் மிகுந்தது. ஐயத்திற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் பிடிக்கப்பட்டான். பிடிக்கப்பட்டவன் செல்லுலார் சிறையில் வதைக்கப்பட்டான். வதை தாங்காமல் மற்றொருவன் பெயரைச் சொன்னான். அவ்வாறு சொன்ன பெயரே அடுத்தவனுக்கு எதிரான சான்றாயிற்று. இங்ஙனம் ஒரு பொய் தனக்கு வேண்டிய சான்றுகளைத் தானே ஈன்றுகொண்டது.

அவ்வாறு அழிந்தவருள் ஒருவர் மருத்துவர் திவான் சிங். பஞ்சாபி மொழிக் கவிஞர். 1927இல் அந்தமானுக்கு வந்தவர். ‘காலாபாணி’ என்றே தம் பெயரோடு சேர்த்து வழங்கப்பட்டவர். இந்திய விடுதலைச் சங்கத்தின் போர்ட் பிளேர்க் கிளைக்குத் தலைமை தாங்கியவர். ஆங்கில ஆட்சியை விரும்பாத அவரையே ஆங்கிலேயரின் ஒற்றர் என்றனர். 1943 அக்டோபரில் சிறைப்பட்டு, எண்பது நாள்களுக்கு மேல் வதையுண்டு, 1944 சனவரி 14ஆம் நாள் இறந்தார். பதினாறு நாள் கழித்து, சனவரி 30 அன்று, தெற்கு அந்தமானில் ஹம்ப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் நாற்பத்து நான்கு பேர் ஒற்றரெனச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் அதே விடுதலைச் சங்கத்தைச் சேர்ந்தோர். அவர்கள் நினைவுச் சின்னம் இன்றும் அவ்விடத்தில் உள்ளது.

அக்காலத்தில் ஒற்று வேலையே நடைபெறவில்லையா எனின், நடைபெற்றது. 1943 சனவரியில், அந்தமானில் முன்பு காவல்துறை அதிகாரியாக இருந்த மக்கார்த்தி என்பாரின் தலைமையில் ஒரு சிறு குழு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கரையிறங்கி, காட்டினூடே நடந்து செய்தி திரட்டிற்று. ஜப்பானியக் கடற்படையின் மறைகுறிச் செய்திகளை நேச நாட்டார் படித்துவந்ததும் போருக்குப் பின்னர் உலகறிந்த செய்தி. கப்பல்கள் தாக்கப்பட்டமைக்குரிய காரணத்தைக் கடலுக்கப்பாலும் காட்டுக்குள்ளும் தேட வேண்டியிருக்க, அதனை மருத்துவமனையிலும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் தேடினர். ஐயம் முற்றிலும் பொய்யாயிருக்கவேண்டுவதில்லை. ஒரு துளி உண்மையோடு கலந்த பொய்யே மிகக் கொடியது என்பதை இதனால் அறிகிறோம்.

இவ்வரலாற்றைப் படிக்குங்கால் நாம் ஜப்பானியர் என்ற ஓர் இனத்தாரை வெறுக்கக் கற்றுக்கொண்டால், பாடத்தைத் தலைகீழாகக் கற்றவர் ஆவோம். குற்றஞ்சாட்டியவருள் நம் நாட்டாரும் இருந்தனர். பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள ஒற்றன் என்ற சொல்லைக் கருவியாக்கினர். அச்சம், பகை, மயக்கம் என்பன எந்த மொழியாருக்கும் தனியுடைமை அல்ல.

3. கண்டதும் காட்டப்பட்டதும்

கேட்டதை நம்பாதே, கண்டதை நம்பு என்பது உலக வழக்கு. கண்டதிலும் ஒரு நுட்பம் உண்டு.

1943 டிசம்பர் 29ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேருக்கு வந்தார். மறுநாள் அங்கு மூவண்ணக் கொடியை ஏற்றினார். செல்லுலார் சிறையையும் கண்டார். விடுதலை வீரர்கள் வாடிய அச்சிறையை நினைந்து உருகினார். அதே நாள்களில், முன்னர் நாம் கூறிய திவான் சிங் அதே சிறையில் வதையுண்டு கிடந்தார். நேதாஜிக்கு அது காட்டப்படவில்லை. ஜப்பானிய அதிகாரிகள் சூழ நின்றமையின் மக்கள் அவரை அணுகிச் சொல்லவும் இயலவில்லை. கூர்ந்த அறிவும் தாய்நாட்டுப் பற்றும் உடைய பெருமகனும், தமக்குக் காட்டப்பட்டதையே கண்டு மீண்டார்.

இன்று இந்நிகழ்ச்சியைப் பற்றி இரு சாரார் வழக்காடுகின்றனர். ஒரு சாரார் கொடியேற்றத்தை மட்டும் பேசுவர். கொலையைப் பேசினால் தலைவரை இழிவுபடுத்துவதாகச் சினப்பர். மற்றொரு சாரார் கொலையை மட்டும் பேசித் தலைவரையே குற்றவாளியாக்குவர். கொடி ஏறியதும் உண்மை. கொலை நடந்ததும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்தல் கடினம். அக்கடினத்தைத் தாங்க மாட்டாதவரே கட்சி கட்டிக்கொள்கின்றனர்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் யாதெனில், காணொளியைக் கண்டேன், படத்தைக் கண்டேன் என்பதனால் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. யார் காட்டினர், எப்போது எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது, எதை மறைத்துவிட்டு இதைக் காட்டினர் என்று அடுத்த கேள்வி கேட்கவேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் அடித்துக் கொல்லப்படுவதாகக் காணொளிகள் பரவின. வேறிடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்த சண்டைகளின் படங்கள் அவற்றில் இருந்தன. அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். பீகார் அரசு அனுப்பிய குழு தமிழ்நாட்டிற்கு வந்து விசாரித்தபின் உண்மை வெளிப்பட்டது. படம் மெய், படத்தின்மேல் ஒட்டப்பட்ட சொல் பொய்.

4. எச்சரிக்கையும் குற்றச்சாட்டும்

ஆராய்ந்த பின்னரே எதையும் செய்வோம் என்றால், வெள்ளம் வருகிறது என்று ஒருவன் கூவும்போது ஆராய்ந்துகொண்டா இருப்பது? இக்கேள்வி நியாயமானது. இதற்கும் அந்தமானே விடை கூறும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது எவ்வெச்சரிக்கையும் வரவில்லை. லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் நிலம் அதிர்ந்ததும் மேட்டுநிலத்திற்கு ஏறிப் பிழைத்தனர். முன்னோர் வாய்மொழியாகக் கூறிவந்த அறிவு அவர்களைக் காத்தது. ஆதலின், தலைமுறைவழி வந்தது என்ற காரணத்தாலேயே ஒன்றைத் தள்ளிவிடுவதும் அறியாமையே. நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் மக்கள் அலறி ஓடினர். அன்றே அவ்வெச்சரிக்கை ஆதாரமற்றதெனத் தெரியவந்தது. முன்னது ஏட்டில் இல்லாத சொல், மெய்யாயிற்று. பின்னது அரசாங்கத்தின் சொல், பொய்யாயிற்று.

அன்று ஓடியவர் தவறு செய்தனரா? இல்லை. அலை வருமென்று மேட்டில் ஏறி, அலை வராவிட்டால், இழப்பது அரைநாள் கூலி. இனி இதனோடு மற்றொன்றை ஒப்பிடுங்கள். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு காரில் சென்ற அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் திரிகின்றனர் என்ற வதந்தி அந்நாள்களில் வாட்ஸ்அப் வழியாக வட மாவட்டங்களெங்கும் பரவியிருந்தது. ஊரார் திரண்டு அவரை அடித்துக் கொன்றனர். உடன் வந்தோரும் பெருங்காயமுற்றனர். நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு விதித்தது. வதந்தியை அனுப்பியோர் தம் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். கொன்றவரும் அவ்வாறே எண்ணினர்.

எச்சரிக்கை வேறு; குற்றச்சாட்டு வேறு. உன்னைக் காத்துக்கொள் என்பது எச்சரிக்கை. அவனைத் தாக்கு என்பது குற்றச்சாட்டு. எச்சரிக்கையை ஐயத்தோடு ஏற்று நடந்தால் பிறர்க்குத் தீங்கில்லை. குற்றச்சாட்டை ஆராயாது ஏற்றால் ஓருயிர் போகும். போன உயிரை எந்த மறுப்புச் செய்தியும் மீட்காது. ஆகவே, ஒரு சொல்லை நம்பினால் விளையும் தீங்கு எவ்வளவோ அவ்வளவு சான்று கேட்க வேண்டும். காலாமருக்குப் பகவான் காட்டிய உரைகல்லின் பயன் இதுவே.

5. நமக்கு இனிக்கும் செய்தி

பகைவர் கூறுவதை ஆராய்வது எளிது. நமக்கு இனிப்பதை ஆராய்வதே அரிது. அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருவோம்.

போர்ட் பிளேரின் பெயர் மாற்றப்பட்டபோது, இத்தீவு ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கியது என்று அரசின் அறிவிப்பிற் கூறப்பட்டது. தமிழர் செவிக்கு இது தேன். ஆயினும் கேட்போம்: எங்ஙனம் அறிந்தோம்? முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் படையெடுத்தான். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் அவன் மெய்க்கீர்த்தி வென்ற இடங்களை வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் மாநக்கவாரம் ஒன்று. அது நிக்கோபார் என்று அறிஞர் கொள்வர். வென்ற இடம் என்று கூறும் அக்கல்வெட்டு, தளம் அமைத்ததாகக் கூறவில்லை. நிக்கோபார் வேறு, அதற்கு வடக்கே நெடுந்தொலைவிலுள்ள போர்ட் பிளேர் வேறு. ஆகவே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது, சோழர் மெய்க்கீர்த்தியில் நக்கவாரத்தின் பெயர் உள்ளது என்பதே. அவ்வளவு சொன்னாலே தமிழர்க்குப் பெருமைதான். மிகுதியும் சொல்ல வேண்டுமாயின் மிகுதியான சான்று வேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டு நம் சங்கத்தாருக்கே உரியது. பிறப்பினால் மனிதன் தாழ்ந்தவன் என்னும் பொய்யைப் பல நூற்றாண்டுகள் நம் முன்னோர்மேல் சுமத்தினர். அதற்குக் காட்டிய காரணங்கள் யாவை? பரம்பரை வழக்கம், சாத்திரத்தின் சொல், பெரியோர் வாக்கு, ஊரார் பேச்சு. காலாமருக்குப் பகவான் போதாது என்று கூறிய காரணங்களே அவை. அப்பொய்யை எதிர்த்துக் கேள்வி கேட்டவர் பண்டித அயோத்திதாசர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் ஆதியில் பௌத்தராயிருந்தோர் என்று அவர் எழுதினார். அண்ணல் அம்பேத்கரும் தீண்டத்தகாதவர் என்போர் யார் என ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், அதற்கு நெருங்கிய கருத்தை வேறு வழியாக நிறுவ முயன்றார்.

இக்கருத்து நமக்கு இனியது. இனியது என்பதனாலேயே அதனைச் சான்றின்றி ஏற்கலாமா? ஆகாது. அண்ணலே இதில் நமக்கு வழிகாட்டி. வரலாற்றுச் சங்கிலியில் கண்ணிகள் அறுந்த இடங்களில் ஊகத்தைத் துணைக்கொண்டதை அந்நூலின் முன்னுரையில் அவர் மறைக்காமல் கூறியுள்ளார். தம் முடிவை ஆராய்ச்சியாளர் சோதிக்கட்டும் என்னும் துணிவு அவரிடம் இருந்தது. நம்முடைய விடுதலை ஒரு பழங்கதை மெய்யாயிருப்பதைச் சார்ந்ததன்று. நம் முன்னோர் ஆதியில் பௌத்தராயிருப்பினும் இல்லாவிடினும், எம்மனிதனும் பிறப்பினால் தாழ்ந்தவன் அல்லன் என்பது உண்மை. அதற்குச் சான்று நம் கண்முன் உள்ளது.

6. உண்மையைக் காத்தல்

உண்மையைக் காத்தல் என்னும் தொடரை நாம் புதிதாகப் படைக்கவில்லை. மச்சிம நிகாயத்தில் சங்கி சுத்தம் என்றொரு சுத்தம் உண்டு. பதினாறு வயதான ஓர் அந்தண இளைஞன் பகவானிடம் வந்து, மந்திரம் வல்ல தம்மவர் இதுவே உண்மை, மற்றவை வெறுமை என்று கூறுவதைப் பற்றிக் கேட்டான். அவர்களுள் எவரேனும் தாமே நேரிற் கண்டு அறிந்ததாகக் கூறினரா என்று பகவான் வினவினார். இல்லை என்றான் இளைஞன். முன்னவனும் காணான், நடுவிலுள்ளவனும் காணான், கடைசியில் உள்ளவனும் காணான். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு செல்லும் குருடர் வரிசையை ஒத்தது இது என்றார் பகவான். கைபேசியில் செய்தி செல்லும் வரிசையும் பெரும்பாலும் இதுவே.

பின்னர் அவர் ஒரு வழி கூறினார். ஒருவனுக்கு ஒரு நம்பிக்கை இருப்பின், இது என் நம்பிக்கை என்று அவன் சொல்லட்டும். அவ்வளவில் அவன் உண்மையைக் காத்தவனாகிறான். இதுவே உண்மை, மற்றது பொய் என்ற முடிவுக்கு மட்டும் அவன் தாவாதிருக்கட்டும். கேள்விப்பட்டதாயின், கேள்விப்பட்டேன் என்க. எண்ணிப் பார்த்ததாயின், எண்ணுகிறேன் என்க. இச்சிறு சொற்கள் எத்தனை சண்டைகளைத் தடுக்கும்! போர்ட் பிளேரில் அன்று, அவன் ஒற்றன் என்று கூறியவர், அவ்வாறு பிறர் சொல்லக் கேட்டேன். நான் காணவில்லை என்று கூறியிருப்பின் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

நம் மணிமேகலையிலும் இதற்கொத்த கதை உண்டு. சாதுவன் சென்ற கலம் உடைந்தது. உயிர்தப்பி ஊர் சேர்ந்த சிலர், அவனும் இறந்தான் என்று அவன் மனைவி ஆதிரையிடம் கூறினர். அவர்கள் பொய்யர் அல்லர்; கலம் உடைந்ததைக் கண்டனர், அவன் இறந்ததைக் காணவில்லை. கண்டதோடு காணாததையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆதிரை தீயிற் புகுந்தாள். காப்பியத்தில் தீ அவளைச் சுடவில்லை. உலகில் தீ சுடும்.

இனி, எதிர்க்கட்சியார் நம்மை இகழும்போது செய்யத் தக்கது யாது? தீக நிகாயத்தின் முதற் சுத்தமாகிய பிரமஜால சுத்தம் இதனைக் கூறுகின்றது. புத்தரையோ தம்மத்தையோ சங்கத்தையோ ஒருவர் இகழ்ந்தால் சினங்கொள்ளற்க; சினந்தால், அவர் கூறியது மெய்யா பொய்யா என்று உங்களாலேயே காண முடியாது என்று பிக்குகளுக்கு அறிவுறுத்தினார். பொய்யாயின், இக்காரணத்தால் இது பொய் என்று விளக்குக. புகழ்ந்தாலும் துள்ளற்க, மெய்யாயின் மெய்யென ஒப்புக. இகழ்ச்சிக்குச் சினமும் புகழ்ச்சிக்குக் களிப்பும் ஒன்றுபோலவே கண்ணை மறைக்கும்.

7. நாள்தோறும் செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றைப் பழக்கத்திற்குக் கொண்டுவர ஐந்து கேள்விகளைத் தருகிறோம். ஒரு செய்தியைக் கேட்டதும், பிறருக்குக் கூறுமுன் இவற்றை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.

முதலாவது: இதனை முதலில் கண்டவர் யார்? அவர்வரை வழி தெரிகின்றதா?

இரண்டாவது: இதனைக் கேட்டவுடன் என் மனத்தில் எழுந்தது யாது? பகையோ, அச்சமோ, களிப்போ எழுந்தால், அது தணியும்வரை வாயைத் திறவாதிருத்தல் நலம்.

மூன்றாவது: இதே செய்தி என் கட்சியாரைப் பற்றி வந்திருந்தால் இதே சான்றோடு ஏற்பேனா?

நான்காவது: இது பொய்யாயின், இதனால் துன்புறுவோர் யார்? அவரிடமோ அவர் மொழி பேசுவோரிடமோ கேட்டேனா? மின்னி பேயில் வாழ்வோர்க்கு இது எளிது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

ஐந்தாவது: முன்பு நான் கூறிய ஒன்று பொய்யெனத் தெரிந்தபின், யாரிடம் கூறினேனோ அவரிடமே சென்று திருத்தினேனா?

இந்த ஐந்தாவதே யாவற்றினும் கடினமானது. தவறாகச் சொன்னேன் என்பதற்கு மனத்திடம் வேண்டும். ஆயினும், பிறந்த சமயத்தையே ஆராய்ந்து, தவறெனக் கண்டதை விட்டு, மும்மணிகளைச் சரணடைந்தவர் நாம். ஒரு வாழ்நாள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளத் துணிந்த நமக்கு, நேற்று மாலை சொன்ன ஒரு வதந்தியைத் திருத்திக்கொள்வதா இயலாது?

பயிற்சி வினாக்கள்

1. காலாமருக்குக் கூறிய பத்துக் காரணங்களுள் உங்கள் வாழ்வில் மிகுதியாக உங்களை மயக்கியது எது? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. பொய் கூறாமைக்கும் உண்மையைக் காத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. எச்சரிக்கையையும் குற்றச்சாட்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் ஏன் தகாது?

4. உங்களுக்கு மிக விருப்பமான ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதனை எங்ஙனம் அறிந்தீர் என்று எழுதுக. அறிந்த வழி புலப்படாவிடின், அதனையும் மறையாது எழுதுக.